டேவ் வெட்டிய பதினோரு படிகள்

இங்கே மழை பெய்தால் யாரும் எழுந்து ஓடுவதில்லை. கனடாவின் மேற்கு மலைகளில், பனிச்சறுக்கு விளையாட்டை நம்பியே பிழைக்கிற ஒரு சின்ன ஊரில் பதினாறு வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன். இது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. கோடையில் பனி கரைந்ததும் சறுக்குமலையின் அடிவாரத்தில் திறந்தவெளிக் கச்சேரி நடக்கும். பாட்டு நடுவில் மழை கொட்டும். ஜனங்கள் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஈரப்புல்லில் உட்கார்ந்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். மலேசியாவில், நம் ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நாலு தூறல் விழுந்தாலே, இன்றைக்குப் பால்வெட்டு இல்லை என்று வீட்டுக்குத் திரும்பியவர்கள் நாம். இவர்களுக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்தத் திடலுக்கு ஒரு வரலாறு உண்டு. நான் வந்த புதிதில் அது திடலே இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், அதன்மேல் ஏறி நாலு பேர் கிட்டார் வாசிப்பார்கள். பனி இல்லாத மாதங்களிலும் ஆள் வரவேண்டுமே, அதற்காக நிர்வாகம் செய்த ஏற்பாடு. பிறகு அடிவாரத்தில் மரமேடை கட்டினார்கள். ஜனங்கள் எதிரே உள்ள சரிவில் உட்கார்ந்தார்கள். மழை வந்தால் சரிவு முழுக்கச் சேறாகி மேடைக்குள் இறங்கும். ஒரு தடவை பாடகி செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு வெறுங்காலோடு பாடினாள். எல்லோரும் விசில் அடித்தார்கள். மறுநாள் அந்தச் சேற்றை வாரியவன் நான். சிமெண்டுப் படி கட்டலாமே என்றால், குளிர்காலத்தில் பிள்ளைகள் அங்கே சறுக்கி விளையாட முடியாது என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது.

மண்ணை நிறுத்துவது எனக்குத் தெரிந்த வேலை. செமோருக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில், பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு நானும் அக்காவும் மலைக்காட்டுக்குப் போனோம். பழைய பால்மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நடப்போகிறார்கள், அதற்கு மலையைப் படிபடியாக வெட்ட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி ஒரு முனையை அக்கா பிடிப்பாள், மறுமுனையை நான் பிடிப்பேன். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் இடத்தில் குச்சி அடித்து, அந்தக் குச்சி வரிசையில் வெட்டுவோம். படி வெளிப்பக்கம் சாயக்கூடாது, மலைப்பக்கம் கொஞ்சம் உள்வாங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் கீழே ஓடாமல், இடையிடையே தோண்டிய குழிகளில் இறங்கும். இரண்டு வருடம் அந்த மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டினோம். கன்றுகள் பால் கொடுக்கும் முன்பே தோட்டத்தை விற்றுவிட்டார்கள். எல்லோருக்கும் வீடு உண்டு என்று பெரட்டுக்களத்தில் நின்று சொன்னார்கள். கடைசியில் வந்தது, வெளியேறச் சொல்லி ஒரு கடிதம். அக்கா ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். நான் எங்கெங்கோ சுற்றி இங்கே வந்து சேர்ந்தேன்.

என் மேலாளர் டேவிடம் இந்த வித்தையைச் சொன்னேன். மண்படி என்றால் பனி மூடியதும் சறுக்கத் தடையில்லை என்று நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. டேவ் நல்ல மனிதர். அப்படித்தான் நினைத்திருந்தேன். என் வீட்டு மீன்கறியைக் கையால் பிசைந்து சாப்பிடப் பழகியவர். என் மகளின் ஞானஸ்நானத்துக்குக் கோட்டும் டையுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர். மனதுக்குள் அவரை அண்ணன் என்றே வைத்திருந்தேன். அடுத்த இரண்டு கோடையும் குழாயின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, பதினோரு படிகள் வெட்டி முடித்தேன். வெட்டியது என்னவோ நானும் இரண்டு கூலியாட்களும்தான். அதற்கப்புறம் எந்த மழையிலும் மேடைக்குச் சேறு வரவில்லை. கூரை வந்தது, பெரிய விளக்குகள் வந்தன, பெயர்போன பாடகர்கள் வந்தார்கள்.

இந்த வருடம் திடலின் வரலாற்றை எழுதி ஒரு பலகை வைப்பது என்று முடிவானது. "உன் முழுப்பெயரை எழுதிக் கொடு, பிழையில்லாமல் போடச் சொல்கிறேன்," என்றார் டேவ். சறுக்குமலை ஏறும் லிப்டின் பழைய டிக்கெட் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நெசமாவா தம்பி? அப்பா பேரையும் சேத்துப் போடச் சொல்லு லா. அவரு பேரு எங்கயுமே வந்ததில்ல," என்றாள் அக்கா.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாள். என்னையும் டேவையும் மேடை விளிம்பில் உட்கார வைத்து, "இந்தப் படிகள் யாருடைய யோசனை?" என்று கேட்டாள். நான் சொன்னேன்: "எல்லாம் பாஸ்தான். நாங்க சும்மா மண்ணு வெட்டினோம், அவ்வளவுதான் லா."

இதைப் படிக்கிற நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் மூன்று நாள் அடுப்படியில் வெந்தவனிடம் கேட்டுப் பாருங்கள், "எல்லாம் அண்ணன் பாத்துக்கிட்டாரு" என்பான். உடனே அந்த அண்ணன், "நான் என்னலா செஞ்சேன், முழுக்க இவன் கைவேலை" என்று அவனைத் தூக்கிவிடுவார். தன் பெருமையைத் தானே சொல்ல நமக்குக் கூசும். அது மற்றவர் வாயால் வரவேண்டும். டேவ் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். டேவ் தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவள் கருவியை அணைத்துவிட்டு நன்றி சொன்னாள். அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, என் பெயர்தான் அவர் சட்டைப்பையில் இருக்கிறதே.

போன சனிக்கிழமை மதியம் பலகையைத் திறந்தார்கள். பெரிய படம். டேவ் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மறுமுனை படத்தில் இல்லை. கீழே, டேவின் தொலைநோக்கில் உருவான படிகள் என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்தேன். என் பெயரும் இல்லை, அப்பா பெயரும் இல்லை. எங்கள் தோட்டத்து மாதா கோவிலுக்கு அப்பா கல் சுமந்தார், சுவரில் பதித்த கல்லில் துரையின் பெயர்தான் இருந்தது. அது எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்தத் துரை எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை.

கூட்டம் கலைந்ததும் டேவிடம் கேட்டேன். "என் பெயர் எங்கே?"

"டோனி, நீதானே அப்படிச் சொன்னாய்? பதிவில் இருக்கிறதே."

"மரியாதைக்காகச் சொன்னேன்."

அவர் உண்மையாகவே குழம்பிப் போனார். "அப்படியானால், நீ அவளிடம் பொய் சொன்னாயா?"

"நான் எழுதிக் கொடுத்த டிக்கெட்?"

"சட்டையோடு துவைத்துவிட்டேன் போல," என்று சிரித்து என் தோளைத் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது. அண்ணன் என்று நினைத்துப் பெருமையைக் கொடுத்தேன், துரையாக இருந்து வாங்கிக்கொண்டார். அவர்மேல் எவ்வளவு ஆத்திரமோ, அதே அளவு என் வாயின்மேலும்.

மறுநாள் காலை படிகளில் கிடந்த குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். பெயர் போட்டார்களா என்று கேட்டாள். "இன்னும் தொறக்கலக்கா. தொறந்ததும் போட்டோ அனுப்பறேன் லா," என்று புளுகிவிட்டுப் போனை வைத்தேன். பின்னால் ஒரு குரல்.

"அண்ணே, நீங்க மலேசியாவா? பேச்ச வெச்சே கண்டுபிடிச்சிட்டேன் லா!"

சுற்றுலா வந்த ஓர் இளம் தம்பதி. ஈப்போப் பக்கமாம். இந்த ஊரில் தமிழ் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! குப்பைப்பையைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். அந்த ஆள் படிகளைப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்குண்ணே இந்த எடம்," என்றார். இந்தத் தடவை யார் வாயையும் எதிர்பார்க்கவில்லை. "இது நான் வெட்டினது," என்றேன்.

அவர் என் கையுறையைப் பார்த்தார், பலகைப் பக்கம் திரும்பினார், சிரித்தார். "ஜோக் அடிக்காதீங்க லாண்ணே. அங்க வெள்ளக்காரன் படமே போட்டிருக்கு."

மனைவிக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றினாள். "நம்ம வீட்டுக்குப் பின்னாலயும் இதே மாதிரிதாண்ணே. செமோர்ல, மலையோரமா புது ஹவுசிங் தாமான்ல வீடு வாங்கியிருக்கோம். முன்ன ஏதோ ரப்பர் தோட்டமாம். டெவலப்பர் மலையப் படிபடியா அழகா வெட்டிக் குடுத்திருக்கான், பாருங்க," என்று போனை நீட்டினாள்.

லாலான் புல் மூடிய மலை. நடுவில் ஒரு பெரிய பாறை, அதைச் சுற்றி ஒரு படி வளைந்து போகிறது. அந்த வளைவில்தான் என் மண்வெட்டி பட்டு அக்கா காலில் ஆறு தையல் போட்டது.

"அழகா இருக்கும்மா," என்றேன். வேறு என்ன சொன்னாலும் இன்னொரு ஜோக்காகப் போயிருக்கும்.

அவள் மூன்றாவது படியில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். "ஏன் நிக்கிறீங்க, உக்காருங்கண்ணே."

வேலை உடுப்பில் இருக்கும்போது ஊழியர்கள் படிகளில் உட்காரக்கூடாது, இங்கே அது விதி. பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு மலை என் காலடியில், இன்னொரு மலை அவள் கையில். அவள் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டே இருந்தாள், நான் நின்றபடியே பார்த்தேன்.