அக்கா எழுதிய 'அவள்'

"அவள் வெளியே வந்தாள்." கைபேசியை மாற்றியபோதும் நான் அழிக்காமல் கொண்டுவந்த செய்தி இது. வேறு யாராவது பார்த்தால் நல்ல செய்தி என்றுதான் நினைப்பார்கள். எனக்கு மட்டும் இன்றும் அப்படித் தோன்றுவதில்லை.

எழுதியவர் எங்கள் அலுவலகத்து அக்கா. கண்டி நகரில் ஒரு காப்புறுதி, அதாவது இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தோம். வாசலுக்கு நேரே இருந்த கதிரையில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். கோபத்தோடு வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் முதலில் அவர்மேல்தான் பாய்வார்கள். "சரிங்க, உக்காருங்க, பாத்துச் சொல்றேன்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வராது. எரிபொருளுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்றானபோது, பொழுது போகாமல் நான் ஒரு விளையாட்டைத் தொடங்கினேன். கைபேசிக் குழுவில் எல்லோரும் சேர்ந்து எழுதுகிற கதை. இடத்தையும் ஆபத்தையும் நான் சொல்வேன். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று அவரவர் எழுத வேண்டும். கதைக்கு வெளியே ஏதாவது பேசுவதென்றால் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்.

யார் வாயால் சொல்வது, நடக்கிறதாகவா நடந்து முடிந்ததாகவா என்பதை முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும், பிறகு மாற்றக்கூடாது என்பதும் நான் போட்ட சட்டம்தான். எல்லோரும் யோசிக்காமல் 'நான்', 'இப்போது' என்று எடுத்துக்கொண்டார்கள். அலுவலக வேன் ஓட்டுகிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், பூனையைக்கூட அதட்டத் தெரியாத மனிதர், "நான் வாளை உருவுகிறேன், நான் பாய்கிறேன்" என்று படைகளை வெட்டிச் சாய்த்தார். அக்கா மட்டும் ஓர் உளவுக்காரியை எடுத்து, 'அவள்' என்று, எல்லாம் நடந்து முடிந்ததாகவே எழுதினார். அவள் மதிலைத் தாண்டினாள். அவள் மகாவலியை நீந்திக் கடந்தாள். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நான்னு எழுதினா எனக்கு எங்க வீடுதான் ஞாபகம் வருது தம்பி. நான் எங்க மதில் தாண்டுறது? அவள்னா, நெனச்சதெல்லாம் செஞ்சு முடிச்சிருவா."

அந்த வீடு ஹந்தானை மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசி அறை. பின்சுவரை ஒட்டினாற்போல் மண்மேடு. கணவருக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் அக்காவும் சின்ன மகளும்தான். அங்கே மழை பிடித்தால் அழைப்புகள் எடுபடாது, செய்திகள் மட்டும் எப்படியோ நுழைந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்பிருந்தே விடாத மழை. கதையில் நாங்கள் ஒரு பழைய அரண்மனையின் சுரங்கத்துக்குள் இருந்தோம். சுரங்கம் இடியப்போகிறது என்று காலையில்தான் எழுதியிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவிடமிருந்து வந்தது: "நான் உள்ளே இருக்கிறேன். பின்சுவர் விழுந்துவிட்டது. கதவு திறக்கவில்லை." அடைப்புக்குறி இல்லை. உடனே பதில்கள் குவிந்தன. ஒருவர் கோடரியோடு ஓடி வந்தார். இன்னொருவர் மந்திரக் கயிறு வீசினார். அக்கா இன்றைக்குத்தான் நன்றாகப் பயமுறுத்துகிறார் என்று பாராட்டு வேறு. நான் அந்தச் செய்தியை மறுபடி படித்தேன். அக்கா 'நான்' என்று எழுதமாட்டார்.

அவரை அழைத்தேன், கிடைக்கவில்லை. நானாவை அழைத்தேன். ஹந்தானைக்கு ஏறுகிற பாதையின் அடியில்தான் அவர் வீடு.

"கதைதானே தம்பி?"

"இல்ல நானா, அவங்க வீடு. அலவாங்கு எடுத்துக்கிட்டு போங்க, கதவ நெம்பணும்."

அவர் உடனே கிளம்பினார். குழுவில் அடைப்புக்குறிக்குள், இது கதையில்லை என்று எல்லோரையும் நிறுத்தச் சொன்னேன். நானா வருகிறார், எழுதிக்கொண்டே இருங்கள் என்று அக்காவுக்கும் போட்டேன். குழு அடங்கிவிட்டது. அக்கா எழுதினார், பழையபடி. "அவள் மகளை மேசைக்கு அடியில் தள்ளினாள்." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "அவள் பயப்படவில்லை." மறுபடியும் ஒன்றுமில்லை. பிறகு, "அவள் வெளியே வந்தாள்."

குழுவில் கடவுளுக்கும் அல்லாவுக்கும் நன்றிகள் பொழிந்தன. நானாவே அழைத்தார். "ரோட்டுல மரம் உழுந்து ஈக்கு தம்பி, மேல இன்னமும் மண் சரியுது. அவ வெளிய வந்துட்டாவாமே. திரும்பட்டா?"

அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சரிகிற மலையில் ஏறிப் போ என்று ஒரு மனிதரிடம் நான் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு வரியை நம்ப முடியாததால். அக்கா நிஜமாகவே வெளியே வந்திருந்தால்? ஆனால் மழையில் வந்து நிற்கிறவர் "நான் வந்துட்டேன் தம்பி" என்று அலறமாட்டாரா? நினைத்ததையெல்லாம் செய்து முடிப்பவள் அந்த உளவுக்காரி. அக்கா இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறார்.

"அது அவங்க ஆசை நானா. உள்ளதான் இருக்காங்க. போங்க" என்றேன்.

"யா அல்லாஹ்" என்றார். வேனை அங்கேயே விட்டு இறங்கி, கதவை அறைந்து மூடுகிற சத்தம் கேட்டது.

அதன்பின் மலையிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. நானாவை நானே கொன்றுவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அறைக்குள் நடந்தேன், உட்கார்ந்தேன், வேண்டாத தெய்வம் இல்லை. பொழுது சாயும்போது கீழே இறங்கி வந்து நானா பேசினார், பேச்சைவிட மூச்சுத்தான் அதிகம் கேட்டது. லயத்து ஆட்களோடு சேர்ந்து கூரைத் தகரத்தைக் கழற்றி இருவரையும் தூக்கியிருந்தார்கள். மகளுக்குக் கீறல்கூட இல்லை. அக்காவின் இடது கால் மண்ணுக்குள் இருந்தது, இன்றும் அது சரியாக மடங்காது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கேட்ட முதல் கேள்வி: "வெளிய வந்துட்டதா எழுதினேனே, யாரும் நம்பலியா தம்பி?"

"எல்லாரும் நம்பினாங்க அக்கா. ஏன் அப்புடி எழுதினீங்க?"

"நான் நம்பணும்ல" என்றார்.

இப்போது அவர் நாவலப்பிட்டியில், அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். நாங்கள் அந்தக் கதையை முடிக்கவில்லை. குழு மட்டும் இருக்கிறது. மழை பிடித்தால் அக்கா அதில் ஒரு வரி போட வேண்டும் என்பது எங்களுக்குள் சொல்லாமலே வந்த பழக்கம். இன்று விடிந்ததிலிருந்து அடைமழை. வேலை ஓடவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவர் வரி வரவில்லை. கை தானாக மேலே தள்ளி அந்தப் பழைய செய்திக்குப் போனது. அவள் வெளியே வந்தாள். அதையே வெறித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது.

"நான் சோறு வடிச்சுக்கிட்டு இருக்கேன் தம்பி."