அட்டையில்லாப் புத்தகமும் சிந்தாத டீயும்

அந்தப் படகுத்துறையில் அவரைவிட மூத்தவர்களும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்ற தகப்பனே ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். முழுப் பெயர் ஏன் மாமா. வைத்தவன் மச்சினன், அதாவது பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. கல்யாண வீட்டில் போட்டோக்காரர், "தலையைக் கொஞ்சம் சாய்ங்க மாப்பிள்ளை" என்றார். "ஏன்?" என்றார் மாப்பிள்ளை. "கொஞ்சம் சிரிங்க." "ஏன்?" அப்போது மச்சினன் பல் விழுந்த பொடியன். அன்று முழுக்க "ஏன் மாமா, ஏன் மாமா" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அது ஒட்டிக்கொண்டது. ஒட்டினால் ஒட்டினதுதான்.

பெயர் சும்மா வரவில்லை. நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது, ஐஸ் ஏன் மிதக்கிறது, உப்புத் தண்ணீர் காய்ந்த சட்டை மழைநாளில் மட்டும் ஏன் பிசுபிசுக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் இருப்பவர்களைக் குடைந்தெடுத்தவர். அம்மா பதில் சொல்லிச் சலித்துப்போய், "போய்க் கடலையே கேளு" என்று விரட்டிவிட்டாள். பையனும் போனான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதில் வாத்தியாருக்குத்தான் பெரிய நிம்மதி.

வயசு ஏறியும் ஆசாமி மாறவில்லை. மாமனார் தன் பழைய படகை விற்றபோது, இவரும் கையில் இருந்ததைப் போட்டு, மச்சினனோடு பாதிக்குப் பாதி பங்காக ஒரு விசைப்படகு வாங்கினார். மச்சினன் சுக்கான் பிடிப்பான். இவர் எஞ்சினைப் பார்த்துக்கொள்வார். சமையலுக்கு ஒரு பெரியவர். இவருடைய அப்பாவுக்குச் சித்தப்பா மகன், அந்த வழியில் இவருக்குச் சித்தப்பா முறை. வலை இழுக்க இன்னும் நாலு பேர். ஒரே படகில் புருஷனையும் தம்பியையும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறவள் எப்படித் தூங்குவாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். "நல்லாத்தான் தூங்குறேன். வீட்டுல கேள்வி கேக்க ஆள் இல்லையே" என்பாள் அவள்.

கேட்டதற்கெல்லாம் பதில் கிடைக்க ஒரு வழி திறந்தது கயிற்றுக்கடையில். கடைக்காரி இவருடைய பெரியம்மா மகள், ஊருக்கெல்லாம் கயிற்றுக்கடை அக்கா. மாலுமிகளுக்குப் பாடம் சொன்ன ஒரு பழைய பள்ளியை மூடியபோது, தூண்டில் முள்ளும் நூல்கண்டும் வைக்க அங்கிருந்து ஒரு அலமாரி வாங்கினாள். நல்ல தேக்கு அலமாரி. தூக்கி வந்து திறந்தால் உள்ளே நிறையப் புத்தகம். எடைக்குப் போட மனசு வரவில்லை. கீழ்த்தட்டு இரண்டையும் முள்ளுக்கும் நூலுக்கும் ஒதுக்கிவிட்டு, மேல்தட்டில் புத்தகங்களை அப்படியே விட்டாள்.

"எடுத்துட்டுப் போ தம்பி. படிச்சிட்டுக் கொண்டா. ஒரே ஒரு விஷயம், மீன் கையோட தொடக் கூடாது."

"ஏன்?"

"ஏன்னா என் அலமாரி நாறும். வேற ஏன் வேணும் உனக்கு?"

முதலில் எடுத்துப் போனது எஞ்சின் புத்தகம். படத்தைப் பார்த்துத் தண்ணீர்ப் பம்பைக் கழற்றினார். படத்தைப் பார்த்தே திரும்பப் பூட்டினார். எல்லாம் பூட்டி முடித்த பிறகு உள்ளங்கையில் ஒரு ரப்பர் வளையம் மிஞ்சியது. புத்தகத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த வளையம் இல்லை. அது வேறு வகை எஞ்சினுக்கு எழுதியது. அந்த வாரம் பக்கத்துப் படகுகள் எல்லாம் பெட்டி பெட்டியாக மீன் இறக்க, இவர்கள் படகு மட்டும் கரையில் படுத்துக் கிடந்தது. "புத்தகத்துல எத்தனை கிலோ பட்டுச்சு மாமா?" என்று மச்சினன் துறை முழுக்கக் கேட்கும்படி கேட்டான்.

அடுத்தது முடிச்சுப் புத்தகம். அது பழுதில்லை. நனைந்து இறுகினாலும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு ஒன்றை அதிலிருந்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். ஒரு மாதத்தில் படகில் எல்லாரும் அதையே போட்டார்கள். மச்சினனும் போட்டான். கேட்டால், "இது எங்க தாத்தா போட்ட முடிச்சு" என்றான்.

மூன்றாவதாக ஒரு கப்பல் தலைவனின் காதல் கதை. பாதியில் மூடி வைத்துவிட்டார். "முந்நூறு பக்கம் கடல்லேயே இருக்கானுங்க. ஒருத்தன் ஒரு மீன் பிடிச்சானா? ஒரு கயிறு அறுந்துச்சா?" அதை அவர் மனைவி எடுத்து ஒரே மூச்சில் படித்து, அழுது, மூக்கைச் சிந்தினாள். "உங்க புத்தகத்துல யாருமே அழ மாட்டேங்கறாங்களே, அப்புறம் அது என்ன புத்தகம்?" என்றாள்.

இப்படிப் படித்துப் படித்து, எந்தப் புத்தகம் தேறும் என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்துக்கொண்டார். சொன்னதை மறுநாள் காலையில் தன் படகிலேயே செய்து பார்க்க முடிய வேண்டும். முடிந்தால் நல்ல புத்தகம். இல்லாவிட்டால் அலமாரிக்கு.

அந்த வருஷம் மச்சினன் படகில் ஒரு வேலை செய்தான். சுக்கான் அறையின் கூரைமேல் இரும்புச் சட்டம் அடித்து, தண்ணீர் டிரம், உபரி வலை இரண்டு, கனத்த கயிற்றுச் சுருள் எல்லாவற்றையும் மேலே ஏற்றினான். கீழ்த்தளம் விசாலமாகிவிட்டது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் வந்தது. படகு முன்பெல்லாம் வெடுக் வெடுக்கென்று உதறும். இப்போது மெதுவாக, சுகமாக ஆடியது. சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். "முப்பது வருஷமா அடுப்புகிட்ட நின்னு கால்ல டீ ஊத்திக்கிட்டேன். இப்பப் பாரு, ஒரு சொட்டு சிந்தல. உன் மச்சினனுக்கு மகராசன் கை."

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஏன் மாமா மட்டும், "ஏன்?" என்றார்.

"என்ன ஏன்?"

"ஏன் சிந்தல?"

"சிந்தினாலும் கேக்கற, சிந்தலேன்னாலும் கேக்கறியே" என்று சித்தப்பா கரண்டியை ஓங்கினார்.

அந்தச் சிந்தாத டீ அவரைப் பிடித்து உலுக்கியது. கரைக்கு வந்ததும் நேரே கயிற்றுக்கடைக்குப் போய் அலமாரியைக் குடைந்தார். அட்டையே இல்லாத ஒல்லிப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. படகு ஏன் கவிழாமல் நிற்கிறது என்பதைப் பற்றியது. சின்னப் படகு வைத்திருப்பவர்களுக்காகவே யாரோ பொறுமையாக எழுதியிருந்தார். கடை வாசலில் நின்றபடியே படித்தார். படகிலும் எஞ்சின் ஓரமாக உட்கார்ந்து படித்தார், ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தும் படித்தார். அதில் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். வெடுக்கென்று ஆடித் திரும்பும் படகுக்குத் தெம்பு இருக்கிறது. மேலே பாரம் ஏறியதும் படகு சோம்பி, மெதுவாக ஆடும். பிடித்திருக்கும், சுகமாக இருக்கும். ஆனால் அந்தச் சுகம் நல்லதல்ல, சாய்ந்த படகு எழுந்திருக்கத் தயங்குகிறது என்று அர்த்தம். சோதிக்கவும் வழி சொல்லியிருந்தது. அசையாத தண்ணீரில் படகைச் சாய்த்து விட வேண்டும். ஒரு பக்கம் போய், மறுபக்கம் போய், கிளம்பிய இடத்துக்குத் திரும்புவது ஒரு முழு ஆட்டம். படகு எத்தனை மீட்டர் அகலமோ, அத்தனை விநாடிக்குள் அது முடிய வேண்டும்.

இவர்கள் படகு நாலு மீட்டர் அகலம்.

மாலையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மச்சினனிடம் போய்ச் சொன்னார். அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மாமா, ஆடினாத்தான் பிரச்சினைன்னு கேட்டிருக்கேன். ஆடலேன்னா பிரச்சினையா?"

"ஆடலேன்னு சொல்லல மாப்ளே. மெதுவா ஆடுது. மேல இருக்கறதை இறக்கிடுவோம்."

"போன தடவை புத்தகத்தைப் பார்த்து பம்பைக் கழட்டினீங்க. இந்தத் தடவை கூரையைக் கழட்டணுமா?" வலையைக் கீழே போட்டான். "சரி, நாளைக்குக் காலையில ஆட்டிப் பார்ப்போம். நாலுக்குள்ள வந்துட்டா, இனிமே இந்தப் படகுல புத்தகம்னு ஒரு பேச்சு வரக் கூடாது. வந்துச்சுன்னா நான் தனியாப் போயிடுவேன். பங்கைப் பிரிச்சுக் குடுத்துடுங்க."

ஏன் மாமா வலையின் மறுமுனையை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தார். இந்த முறை "ஏன்" என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை துறையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. படகைக் கரைமேடையோடு அணைத்து, முன்னும் பின்னும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நாலு பேர் ஒரே பக்க விளிம்பில் ஏறி மிதித்து அழுத்தி, சட்டென்று மேடைக்குத் தாவினார்கள். படகு அந்தப் பக்கம் போய், வெடுக்கென்று திரும்பியது. எண்ணினார்கள். மூன்றுதான். மறுபடி செய்தார்கள். அதே மூன்று.

"பாஸ்!" என்று மச்சினன் கையைத் தட்டினான். வேடிக்கை பார்த்த பக்கத்துப் படகுக்காரர்களும் தட்டினார்கள். "ஏன் மாமா, அடுத்து என்ன புத்தகம்? கோழி வளர்ப்பா?" என்றான் ஒருத்தன். ஏன் மாமா புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஐஸ் ஏற்றப் போனார். முதுகு ஒரு சாண் குறைந்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி மாற்றுத் துணிப் பையோடு வந்தாள். முகத்தைப் பார்த்ததும் விசாரித்தாள். சொன்னார். அவள் படகைப் பார்த்தாள், இறுகிக் கிடந்த கயிற்றைப் பார்த்தாள்.

"என்னங்க, இது எப்படி ஆடும்? கொடிக்கயித்த இழுத்துக் கட்டினா விர்ருனு நிக்கும். தளர விட்டாத்தானே அதுபாட்டுக்கு ஆடும். கயித்தப் பத்தி அதுல ஒண்ணும் போடலையா?"

"இல்லையே."

"குடுங்க." வாங்கிப் புரட்டினாள். "இருபத்தொண்ணுக்கு அப்புறம் இருபத்திநாலு வருது. நடுவுல ரெண்டு பக்கம் எங்க போச்சு?"

எங்கும் போகவில்லை. தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து படித்தபோது பட்ட மீன் வழுவழுப்பு, காய்ந்து பசையாகி இறுகியிருந்தது. கயிற்றுக்கடை அக்கா ஒரே ஒரு விஷயம் சொன்னாளே, அதுதான். நகத்தால் கீறினால் கிழியும் போலிருந்தது. சித்தப்பாதான், "இங்க கொண்டா" என்று வாங்கி, கொதிக்கிற கெட்டிலின் மூக்கருகே நீராவியில் காட்டினார். தாள் நெளிந்து, மெதுவாகப் பிரிந்தது. மூன்று தலைகளும் அதன்மேல் கவிந்தன. 'கட்டிய கயிறுகளை எல்லாம் நன்றாகத் தளர்த்தி, படகு கரையில் உரசாதபடி தள்ளி நிறுத்திய பிறகே ஆட்டிப் பார்க்க வேண்டும். இறுகக் கட்டிய படகு பொய் சொல்லும்.'

அவள் நேரே தம்பியிடம் போனாள்.

"டேய், கயித்தை அவிழு."

"அக்கா, நீயுமா? பேச்சு முடிஞ்சு போச்சு. எல்லார் முன்னாலயும் ஆட்டிக் காட்டியாச்சு."

"ரெண்டு பேரையும் ஒரே படகுல அனுப்பறது நான். நீ அவிழ்க்கலேன்னா நான் இறங்கி அவிழ்ப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது, பார்த்துக்கோ."

அவன் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தான். தாத்தாவின் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. படகைத் தள்ளி நிறுத்திவிட்டு, மச்சினனே சுக்கான் அறைக்குள் போய் நின்றுகொண்டான். நாலு பேரும் விளிம்பை ஒன்றாக மிதித்து, சட்டென்று நடுவுக்கு வந்து அசையாமல் நின்றார்கள். படகு எழுந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் கொஞ்சம் நின்றது, மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொள்கிற ஆளைப் போல. பிறகு ஆற அமரத் திரும்பியது. நாலைத் தாண்டியும் ஏன் மாமா எண்ணிக்கொண்டே இருந்தார். ஆறில் நிறுத்தினார். யாரும் கை தட்டவில்லை.

மச்சினன் வெளியே வந்து கூரைமேல் இருந்ததை அண்ணாந்து பார்த்தான்.

"போன தடவை வலையை ஒரு பக்கமா இழுத்தப்போ, இதே மாதிரி சாய்ஞ்சு நின்னுச்சு மாமா. பெரிய அலைன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

ஏன் என்று கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனாலும் ஏன் மாமா கேட்கவில்லை. "ஏறு மாப்ளே. டிரம்மைப் பிடி" என்றார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் கீழே வந்துவிட்டது. உபரி வலை கரைக்குப் போனது, டிரம் படகின் அடிவயிற்றுக்குப் போனது. திரும்பவும் கயிற்றைத் தளர்த்தி ஆட்டிப் பார்த்தார்கள். மூன்றரையில் வந்து நின்றது. அப்போதுதான் அவர் மனைவி துணிப் பையைக் கையில் கொடுத்தாள்.

கடலுக்குப் போன முதல் நாளே படகு பழையபடி வெடுக்கென்று உதறியது. சித்தப்பாவின் காலில் டீ கொட்டியது. அட்டையில்லாப் புத்தகத்தையும், அதை எழுதினவரையும், எழுதினவருடைய வம்சத்தையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். "உலகத்துல எல்லாத்துக்கும் எழுதறானே, டீ சிந்தாம இருக்க எவனாவது எழுதியிருக்கானா?"

ஏன் மாமா எஞ்சினை விட்டுவிட்டு வந்து கெட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்தார். அடுப்பு படகோடு சேர்ந்து சாய்கிறது, கெட்டிலும் அடுப்போடு சேர்ந்து சாய்கிறது. சாயாமல் தொங்கவிட்டால்? ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து, அந்த முடிச்சைப் போட்டு, கெட்டிலின் பிடியை மேல்கட்டையில் மாட்டப் போனார்.

சுக்கான் அறையிலிருந்து மச்சினன் எட்டிப் பார்த்து அலறினான்.

"மாமா! மேல எதையும் கட்டாதீங்க! பாரம்!"

"கெட்டில்டா" என்றார் சித்தப்பா.

"எதுவா இருந்தா என்ன? முதல்ல கரைக்குப் போய்க் கயித்தத் தளர்த்தி ஆட்டிப் பார்ப்போம்."