நகவெட்டி அக்காவும் மாப்பிள்ளை வீட்டு நாயும்

"சாருக்கு இன்னும் ரெண்டே விரல்தான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று நாயிடம் குழைந்துவிட்டு, அதே மூச்சில் நாயின் சொந்தக்காரரிடம், "ஏய், காலை ஆட்டாம பிடி" என்கிறார் நகவெட்டி அக்கா. செல்லப்பிராணிகளுக்கு நகம் வெட்டும் அவர் கடையில் நாய்க்கு எப்போதும் மரியாதை உண்டு. கூட வருகிறவர்களுக்கு அன்றைய மனநிலையைப் பொறுத்து.

கறுப்பு நகத்துக்குள் ரத்தம் ஓடும் சதை எதுவரை இருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதனால் துளித் துளியாக நறுக்குவார். உற்றுப் பார்த்து மறுபடி நறுக்குவார். அவர் முன்கையில் பழைய பல்தடம். "கடிச்சிட்டு மறந்துடும். என் நாத்தனார் கடிக்காமலே ஞாபகம் வெச்சிருக்கா."

போன மாதம் அவர் மகளுக்குச் சம்பந்தம் பேச, மகளையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். கார் ஓட்டியவன் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. மாப்பிள்ளையின் அம்மா குடும்பப் பெருமையில் பாதிதான் முடித்திருந்தார். அவர்கள் நாய் சோபாவிலிருந்து குதித்தது. வளைந்து வளர்ந்திருந்த நகம் கம்பளத்தில் மாட்டிக் கிழிந்தது. ரத்தம். அந்த அம்மா அழ ஆரம்பித்தார். மாப்பிள்ளை வெளுத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா எழுந்தார். மாப்பிள்ளையின் அப்பா கழுத்திலிருந்த டையை உருவி, மூச்சு முட்டாதபடி நாயின் வாயைக் கட்டினார். "வலியில யாரை வேணா கடிக்கும். சம்பந்தின்னு பாக்காது." சுத்தமான துணியால் அழுத்தினார், சமையலறையிலிருந்து சோளமாவு வரவழைத்து கிழிந்த இடத்தில் அப்பினார். ரத்தம் நின்றது. தொங்கிய நகத்தைப் பிடுங்கவில்லை. "அடியோட கிழிஞ்சிருக்கு. டாக்டர் எடுக்கட்டும்." டையை அவிழ்த்து உரியவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ள யோசித்தார். எச்சில்.

பிறகுதான் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "நடக்கும்போது தரையில டக்கு டக்குன்னு கேட்டிருக்குமே. அப்பவே வெட்டிருக்கணும். காதுல என்ன பஞ்சா?"

"போச்சு" என்று முணுமுணுத்தாள், பக்கத்திலிருந்த மகள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கேட்டுச்சு. ஸ்டைலா நடக்குறான்னு நெனச்சிட்டேன்" என்றார். நாயைத் தடவியபடி, "இனிமே நீங்களே வெட்டி விட்டுடுங்க, சம்பந்தி."

மகள் மூச்சுவிட்டாள். அக்கா மாப்பிள்ளையைக் கிட்டே கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.