ஒரு வேனுக்காகக் காத்திருந்த கம்பம்

பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்குக் கோவை சிங்காநல்லூரில் பல்லடம் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். காரணம்பேட்டை தாண்டும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கிய பக்கத்து சீட்டுக்காரர், “நல்ல தூக்கமுங்க” என்று நன்றி சொல்லி இறங்கினார். இந்தக் கோவை மரியாதையில் எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுகிறார்கள். மனதில் என்ன நினைக்கிறார்கள் என்பது என்னைப் போன்ற தஞ்சாவூர்க்காரனுக்குப் பிடிபடுவதே இல்லை.

பல்லடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோவில் போனால் நண்பர் தங்கவேலின் ஊர். விசைத்தறி வைத்திருப்பவர். மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, கம்பம் நடுவதைப் பார்க்க அழைத்திருந்தார். மூன்று கிளையாகப் பிரிந்த வேப்பமரத் துண்டுதான் கம்பம், அம்மனுக்குக் கணவர். அதை நடும்போது ஊர்க்காரர் எல்லோரும் ஊருக்குள் இருக்க வேண்டும். நட்ட பிறகு நோம்பி முடியும்வரை யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. இதுதான் அந்த ஊர்க் கட்டு.

ஐந்து மணிக்கு அவர் தறிக்கூடத்தில் சுனிதாவைப் பார்த்தேன். ஒடிசாவிலிருந்து வந்து ஒன்பது வருடமாக இங்கே தறி ஓட்டுகிறார். என் தமிழைவிட அவர் தமிழில் ‘ங்க’ அதிகம். கணவர் பிரகாஷ், வேனில் துணி ஏற்றிக்கொண்டு ஈரோடு போயிருந்தார்.

“கம்பம் நடுவதற்குள் வந்துவிடுவாரா?”

“லேட்டாகுமுங்க. பரவால்லீங்க, எங்களையெல்லாம் எண்ண மாட்டாங்க. வருசா வருசம் ஓரமா நின்னு கும்புட்டுப்போட்டு வந்துருவோமுங்க. ஒருக்காவாச்சும் நாங்க வந்தாச்சான்னு கேப்பாங்களான்னு பார்ப்பேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஏழு மணி. கோயில் முன்னால் குழி தயார். மஞ்சள் பூசிய கம்பத்தை நான்கு பேர் தாங்கி நின்றார்கள். பூசாரி கேட்டார்: “வெளிய போனவங்க எல்லாம் வந்தாச்சுங்களா?”

“வந்தாச்சுங்க!” என்றது கூட்டம். ஓரத்தில் சுனிதா தலைகுனிந்து நின்றார்.

“எங்கீங்க வந்தாச்சு?” என்று ஒரு குரல். சுனிதாவோடு தறி ஓட்டும் சரசக்கா. “பிரகாசு வரலியே!”

மளிகைக் கடைக்காரர் ஒருவர் சலித்துக்கொண்டார். “அவங்க வடக்கத்திக்காரங்க. அவங்களுக்காக நாம நிக்கோணுமுங்களா? நேரமாகுதுங்க.”

‘ங்க’ போட்டே வெளியே தள்ளிவிட்டாரே என்று எனக்குச் சுர்ரென்றது. சரசக்கா விடவில்லை.

“போன வருசம் அவ புள்ளைக்கு அம்மை போட்டுச்சே, எந்தூருன்னு ஆதார் கார்டு பார்த்துட்டா ஆத்தா வந்தா? நம்ம தெருவே தாளிக்காம இருந்துச்சல்லோ? உங்க ஊட்டுலயுந்தான தாளிக்கல! ஆத்தாளே வந்துட்டுப் போன ஊட்டை நாம எண்ண மாட்டமுன்னா எப்படீங்க?”

பூசாரி கோயிலுக்குள் ஒருமுறை பார்த்தார். “நெசந்தானுங்க. மேளத்தை நிறுத்துங்க. பிரகாசு வரட்டும்.”

காத்திருந்தோம். பல்லடம் போகும் கடைசி பஸ் எனக்காக ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது, நான் நகரவில்லை. சலித்துக்கொண்ட கடைக்காரரே போனை எடுத்தார். “பிரகாசு, எங்க வாரீங்க? கம்பம் நிக்குதுங்க. பதறாதீங்க, பார்த்து ஓட்டிட்டு வாங்க.” இந்த ‘ங்க’வில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேன் வெளிச்சம் தெரிந்தது. கூட்டம் விசிலடித்தது. பிரகாஷ் செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். கம்பத்தில் கை வைக்க அவருக்கும் இடம் விட்டார்கள்.

பூசாரி மறுபடியும் கேட்டார்: “எல்லாரும் வந்தாச்சுங்களா?”

இந்த முறை கூட்டம் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சுனிதாவைப் பார்த்தார்கள்.

“வந்தாச்சுங்க!”

அந்தக் குரல் பல்லடம் வரை கேட்டிருக்கும். மேளம் முழங்க, கம்பம் குழியில் இறங்கியது. ஊரே ஆடியது, நானும் ஆடினேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

மறுநாள் காலை கிளம்பித் தஞ்சாவூர் திரும்பினேன். எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். எல்லோரும் வந்தாயிற்றா என்று அங்கே இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அன்று மாலையே, பெயர்கூடக் கேட்டிராத எதிர்வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன்.