உடங்காட்டுக்காக எழுதிய மனு

எம். புதுப்பட்டிக்குப் போகிற ரோட்டில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் ஒன்றரை மைல் நடந்தால் அந்த ஊர். ஐம்பதுகளின் நடுவில் அங்கே டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளிக்கூடம், ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு தலைமையாசிரியர், நான். காட்டுவேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த தெருவின் கடைசி வீட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. அந்த வீட்டில் கக்கூஸ் இல்லை. ஊரில் எந்த வீட்டிலும் இல்லை.

முதல் நாள் விடிவதற்கு முன்பே எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா கையில் ஒரு கம்போடு வந்தாள். புருஷன் இல்லாதவள், ஒரு மகள் மட்டும்.

"வாங்க டீச்சர். வெளிச்சம் வந்துட்டா பொழுதடைய மட்டும் அடக்கிக்கிட்டுத்தான் இருக்கணும்" என்றாள்.

தெருவுக்கு மேற்கே உடங்காடு இருந்தது. உடைமரங்கள் குடை விரித்ததுபோல நெருக்கமாக நிற்கும். கீழே முள்ளும் புதருமாக இருக்கும். ஆண்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அவர்களுக்குக் கிழக்கே ஓடை. அக்கா கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் போவாள். பாம்பு விலகிப் போகட்டும் என்று. நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் போவோம். யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, யாரைப் புருஷன் அடித்தான், யார் வீட்டில் நேற்று உலை வைக்கவில்லை என்பதெல்லாம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. பகலில் என்னிடம் தள்ளி நின்று பேசுகிறவர்கள், அங்கே ஒரு டீச்சர் இருக்கிறாள் என்பதையே மறந்து பேசினார்கள்.

இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. அடுத்த தை மாதத்தில் ஒரு ஜீப் வந்தது. சங்கிலி பிடித்து உடங்காட்டை அளந்தார்கள். மூலைக்கு மூலை கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். பட்டாசு ஆபீஸ் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. பட்டாசு செய்கிற கம்பெனியை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். சர்க்கார் கணக்கில் அது தரிசுப் புறம்போக்கு. கம்பெனி கேட்டிருக்கிறது, கிடைத்துவிடும் என்றார்கள்.

ஆண்களுக்குச் சந்தோஷம். டீக்கடையில் ஒருவர், "வானத்தப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. இனி வாரா வாரம் கூலி வாங்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். அதில் தப்பு என்ன இருக்கிறது? முதலாளியும் ஒருநாள் காரில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மரியாதையான மனிதர். ஒழுகும் கொட்டகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார் இப்படி? ஓட்டுக் கட்டடமா நானே கட்டித் தாரேன்" என்றார். எங்கள் தலைமையாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் பெண்கள் என் அறைக்கு வந்தார்கள். அக்காதான் பேசினாள்.

"டீச்சர், காட்டை வளைச்சுப் போட்டா நாங்க எங்கன போறது? வயசுப் புள்ளைகள வச்சிருக்கோம். தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. நாங்க கைநாட்டு வைக்கோம்."

அன்றே எழுத உட்கார்ந்தேன். ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று தொடங்கி, ஊர் பேர், தெரு எல்லாம் எழுதினேன். ஆடு மேய்க்கும் இடம் என்று எழுதினேன். விறகுக்கு வேறு வழியில்லை என்று எழுதினேன். அதற்கப்புறம் பேனா ஓடவில்லை. அந்த விஷயத்தை எப்படி எழுதுவது? தாலுகா ஆபீசில் முழுக்க ஆண்கள். யாராவது ஒருத்தர் அதை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். அது யார் கையெழுத்து என்று கேட்பார்கள். 'பெண்கள்' என்று எழுதினால் அதில் நானும் உண்டு. மானம் மரியாதையோடு இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்திருந்தார்கள். ஆட்டோடும் விறகோடும் மனுவை முடித்துவிட்டேன்.

மறுநாள் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொருத்தியாக மையில் விரலைத் தோய்த்துப் பதித்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் கழித்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். பள்ளிக்கூடத்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். மனுவை எழுதியவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். கோபக்காரர் இல்லை, பொறுமையாகத்தான் பேசினார்.

"வெட்டுற மரத்தப் பூராவும் நீங்களே எடுத்துக்கிடலாம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. ஆடு மேய்க்கக் கண்மாய்க்கு அங்கிட்டு நெலம் கெடக்கு. வேற என்ன கஷ்டம்? சொல்லுங்கம்மா."

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற தலையாரியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"வேற ஒண்ணுமில்லையே?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"இல்லைங்க சார்" என்றேன்.

அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

பத்தே நாளில் உடங்காடு வெறும் தரையாயிற்று. வெட்டிப் போட்ட விறகைப் பெண்களே சுமந்துகொண்டு வந்தார்கள். தூரைத் தோண்டித் தீ வைத்தபோது பாம்புகள் தெருவுக்குள் வந்தன. சுற்றிலும் கம்பி வேலி போட்டார்கள். உள்ளே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள் எழும்பின. ஊரில் பாதிப் பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். அக்காவின் மகளும் போனாள். அவளுக்குப் பதினேழு வயது. சாயங்காலம் திரும்பி வரும்போது கையும் காதோரமும் அலுமினியப் பொடி பட்டு வெள்ளி மாதிரி மின்னும்.

பெண்கள் கண்மாய்க்கரைக்குப் போனார்கள். நானும் போனேன். லோடு லாரி போகிற ரோட்டைத் தாண்டி முக்கால் மைல் நடக்க வேண்டும். லாரி வெளிச்சம் அடித்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். மறைவு கிடையாது. அதனால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். நீர்க்கடுப்பு என்று சொல்லாத பெண் அந்தத் தெருவில் இல்லை. யாரும் மனுவைப் பற்றி என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஒரு கார்த்திகையில் நல்ல மழை. கண்மாய் நிரம்பிவிட்டது. கரைச்சரிவைத் தவிர உட்கார இடமில்லை. விடிவதற்கு முன்னால், எங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்த அக்கா களிமண்ணில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. கட்டிலைக் கொண்டுவந்து அவளைத் தூக்கிப்போனோம். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு ஒழுங்காகக் கூடவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுந்து நடக்கவே இல்லை.

மகள் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் வருவாள். அதனால் மத்தியான இடைவேளையில் நான் போவேன். கஞ்சி கொடுப்பேன். சட்டியில் சாம்பலைப் போட்டு அவளுக்குக் கீழே வைத்து எடுத்துக் கொட்டுவேன். முதல் சில நாள் அவள் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு அழுதாள்.

"நீங்க இதையெல்லாம் செய்யக் கூடாது டீச்சர். எனக்குச் சாவு வர மாட்டேங்கே."

ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த மனுல நான் முக்கியமானதை எழுதாம விட்டுட்டேன். அவரு கேட்டப்பவும் சொல்லல."

அவள் முகத்திலிருந்த சேலையை விலக்கிவிட்டுச் சொன்னாள்: "நீங்க வாசிக்கையிலேயே எனக்குத் தெரியும். அது வரும் வரும்னு பாத்தேன், வரல. வராததுல எனக்கும் ஒரு நிம்மதி. அதான் கைநாட்டு வச்சேன்."

அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்து இரண்டாவது மனுவை எழுதினேன். ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் எழுதினேன். கீழே என் பேரைப் போட்டேன். லீவு எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்கு நானே கொண்டுபோனேன். அங்கிருந்த கிளார்க் பாதி வாசித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தார். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ ஒதுக்கிட்டுக் குடுத்திருப்பாகம்மா. இப்ப கம்பெனி பேருக்கு மாறிப்போச்சே. வேணும்னா பஞ்சாயத்துல கேட்டுப் பாருங்க."

அரை ஏக்கர். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பஞ்சாயத்திலும் கேட்டேன். பார்ப்போம் என்றார்கள். இதற்கிடையில் முதலாளி சொன்னபடி பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கட்டடம் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு வரவேற்புப் பாட்டை நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மழைக்கு ஒழுகாத அறையில் நின்று பாடம் நடத்தினேன், நன்றாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படுத்த மூன்றாவது வருஷம் சித்திரை வெயிலில், முதுகுப் புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டு அக்கா இறந்துபோனாள். அன்று கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. மகளுக்கு ஆள் போய்ச் சொல்லி, அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நானும் இன்னொரு பெண்ணும்தான் பக்கத்தில் இருந்தோம்.

அதற்குப் பிறகுதான் பஞ்சாயத்தில் தெருமுனையில் நாலு சுவர் எழுப்பினார்கள். கூரை இல்லை, தண்ணீர் இல்லை. இரண்டு மாதம் பெண்கள் போனார்கள். பிறகு நாற்றம் தாங்காமல் கண்மாய்க்கே திரும்பிவிட்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என்னை விருதுநகருக்கு மாற்றினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் மகள் ரோடு வரைக்கும் கூட வந்தாள். பஸ் வருகிற நேரத்தில், "எங்கம்மா உங்களப் பத்திக் கடைசி வரைக்கும் ஒரு குத்தமும் சொன்னதில்ல டீச்சர்" என்றாள்.

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.