கேட்காத கேள்விக்கு ஒரு பதில்

அமெரிக்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்கு நம் ஆட்கள் படிப்பதைப் பார்த்தால் பிளஸ் டூ பரீட்சையே தோற்றுப்போகும். என்னென்ன கேட்பார்கள் என்று அரசாங்கமே இணையத்தில் போட்டிருக்கிறது. பதிலையும் கூடவே போட்டிருக்கிறது. அதில் கொஞ்சம்தான் கேட்பார்கள், கேட்டதில் பாதிக்குச் சற்று மேல் சரியாகச் சொன்னால் பாஸ். ஆனாலும் நமக்கு மனசு ஆறாது. ஒன்று விடாமல் உருப்போட்டு, ஆபீஸ் போகும் வழியெல்லாம் காரில் ஆடியோவை ஓடவிட்டு, வீட்டில் ஒருவரை அதிகாரியாக உட்காரவைத்து ஒப்பித்தால்தான் தூக்கம் வரும். நானும் அப்படித்தான் படித்தேன். அதிகாரி கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லி அவரையே சிரிக்க வைத்தேன். அந்தப் பெருமையில் டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சனிக்கிழமை காலைகளில் இலவசமாக ஒரு வகுப்பே தொடங்கிவிட்டேன். என் கணவர் அதை டுடோரியல் காலேஜ் என்று கேலி செய்வார். வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பதும் அவர்தான்.

என் முதல் பாடம் வரலாறு இல்லை, வாயடக்கம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சென்னையில் விசா கவுன்ட்டர் முன்னால் நின்ற காலத்திலிருந்து நம் எல்லோருக்கும் ஊறிப்போன பாடம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நல்ல மூடில் இருக்கும்போதே நன்றி சொல்லிவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும். கூடுதலாகப் பேசி விசாவைக் கோட்டைவிட்டவர்களின் கதை ஆளுக்கொன்று நம்மிடம் உண்டு. அவற்றில் பாதி கட்டுக்கதையாகக்கூட இருக்கலாம். யாரும் சோதித்துப் பார்க்கத் துணிந்ததில்லை.

டாக்டர் வந்தது அந்த வகுப்புக்குத்தான். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. யாழ்ப்பாணத்துப் பெண், குழந்தை மருத்துவர். நியூ ஜெர்சி எடிசனிலிருந்து நாங்கள் இங்கே குடிவந்த வருடத்திலிருந்து என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவரிடம்தான் ஓடுவோம். என்னைவிடச் சின்னவர், அதனால் என்னை அக்கா என்பார். நான் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். அவர் இன்டர்வியூவில் ஃபெயில் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. மூன்று நாட்டுப் பரீட்சைகளை ஊதித்தள்ளிவிட்டு வந்தவர் இதில் போய்த் தடுக்கி விழுவாரா?

ஆனால் விழுந்திருந்தார். இன்னும் ஒரு வாய்ப்பு தருவார்கள், அதிலும் தவறினால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அவருடைய அம்மா பருத்தித்துறையில் தனியாக இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். அம்மாவை இங்கே நிரந்தரமாக அழைத்துக்கொள்ள வேண்டுமானால் மகள் குடிமகளாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது.

எந்தக் கேள்வியில் சறுக்கியது என்று கேட்டேன். உள்நாட்டுப் போருக்குக் காரணமான ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள் என்ற கேள்வியில் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எல்லாவற்றிலும் சுலபமான கேள்வி. அடிமைமுறை, பொருளாதாரம், மாநில உரிமைகள் என்று மூன்று பதில் கொடுத்திருக்கிறார்கள், எதைச் சொன்னாலும் சரி. அதைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"பதில் தெரியும் அக்கா. வாய்தான் திறக்கேல்ல. சின்னப் பிள்ளையில ஊரை விட்டு வெளிக்கிட்டு நடக்கேக்க, ஏன் இந்தச் சண்டையெண்டு அம்மாட்டக் கேட்டனான். கதையாதை, வாயைப் பொத்திக்கொண்டு நட எண்டவா. அதுக்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னட்ட ஆருமே கேட்டதில்லை. முதல் முதல்ல கேட்டது அந்த ஆபீசர்தான்."

அதன்பின் அந்த அதிகாரி கேட்ட எதுவும் டாக்டருக்குக் காதில் ஏறவில்லையாம். இப்படிப்பட்ட நேரத்தில் நான் செய்வதைத்தான் செய்தேன், டெக்னிக் சொல்லிக் கொடுத்தேன். அடிமைமுறை என்ற பதிலே வேண்டாம், இது டெக்சாஸ், எதிரில் இருப்பவரின் தாத்தாவுக்குத் தாத்தா எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டாரோ தெரியாது. மாநில உரிமைகள் என்று சொல்லிவிடுங்கள். யாருக்கும் உறுத்தாது. அதுவும் சரியான பதில் என்று அரசாங்கமே எழுதியிருக்கிறதே என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் தின்றுகொண்டிருந்த என் மகள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். எட்டாம் வகுப்பு, பள்ளியில் அப்போது அதே பாடம்தான் ஓடிக்கொண்டிருந்தது. "ரைட்ஸ் டு டூ வாட், அம்மா?" என்றாள். எதைச் செய்வதற்கான உரிமை? கேள்வித்தாளில் அது கிடையாது. டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு அவளுடைய வரலாற்றுப் புத்தகத்தை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் நடத்திய வகுப்பை என்னால் மறக்க முடியாது. நானும் அந்தக் கேள்விகளை வரி பிசகாமல் ஒப்பிப்பவள்தான். பிரான்சிடம் வாங்கிய நிலம் எது என்பது ஒரு கேள்வி. ஆயிரத்து எண்ணூறுகளில் அமெரிக்கா நடத்திய போர் ஒன்றைச் சொல் என்பது வேறொரு கேள்வி. உள்நாட்டுப் போர் மூன்றாவது. ஒரு மார்க் கேள்விகளைப் போல அவை எனக்குத் தனித்தனியாகவே கிடந்தன. டாக்டர் வரைபடங்களை மேஜையில் பரப்பி, அவை மூன்றும் ஒரே கதை என்று காட்டினார்.

நாடு மேற்கே வளர்ந்தது. வளர்ந்த ஒவ்வொரு முறையும், புதிய நிலத்தில் மனிதரை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்ற கேள்வியும் கூடவே வந்தது. பிரான்சிடம் வாங்கிய நிலத்தில் கோடு கிழித்தார்கள், கோட்டுக்கு வடக்கே கூடாது என்று. நாங்கள் உட்கார்ந்திருந்த இதே டெக்சாஸ் அப்போது மெக்சிகோவாக இருந்தது. அந்த நாடு அடிமைமுறையை ஒழித்தபோது, இங்கே அடிமைகளோடு குடியேறியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு டெக்சாஸ் இந்த நாட்டோடு சேர்ந்தது, மெக்சிகோவோடு போர் வந்தது, கலிஃபோர்னியா வரை நிலம் கைக்கு வந்தது. என் தம்பி அங்கே பே ஏரியாவில் தலையை அடகுவைத்து வாங்கியிருக்கும் வீடும் அதில் அடக்கம். அவ்வளவு நிலம் வந்ததும் பழைய கோடு போதவில்லை. ஒரு சமரசம் செய்தார்கள், பிறகு இன்னொன்று செய்தார்கள், கடைசியில் அந்தக் கோடே வேண்டாம் என்று அழித்தார்கள். மிச்சத்தைத் துப்பாக்கி பேசியது.

என் கணவர் காபி டம்ளரோடு நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எங்கள் வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. ஜெர்சி சிட்டியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில், யாருடைய அப்பா அம்மா முதலில் வந்து தங்குவது என்று இருவரும் சண்டை போட்டோம். எடிசனில் பெரிய வீடு, அதே சண்டை. இங்கே நான்கு படுக்கையறை, சண்டைக்கும் தனி அறை கிடைத்துவிட்டது. நான் இதைச் சொன்னதும் டாக்டர் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். ஓம் அக்கா, அதேதான், காணி கூடினால் பிரச்சினை தீரும் எண்டு நினைச்சிருக்கினம் என்றார்.

பிறகு அந்தக் கேள்வித்தாளைக் கையில் எடுத்தார். எத்தனையோ குறை உள்ள நாடுதான் இது, ஆனால் உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தன் வீட்டுச் சண்டைக்கு என்ன காரணம் என்று அதுவாகவே கேட்கிறதே, இப்படிக் கேட்கிற துணிச்சல் எங்கள் நாட்டுக்கு எப்போது வரும் என்றார். இந்த நாட்டில் நான் சாலைகளை வியந்திருக்கிறேன், நூலகங்களை வியந்திருக்கிறேன். வியக்க இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தோன்றியதே இல்லை. சொன்னவர்மேல் எனக்கு வந்த மரியாதையை எப்படிச் சொல்வது? சொந்த வீட்டை இழந்து நடந்த ஒருத்தி, இன்னொரு நாட்டின் காயத்தை இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

இன்டர்வியூ அன்று டாக்டரின் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, நான்தான் காரில் அழைத்துப் போனேன். ஃப்ரீவேயில் நெரிசல். வழியெல்லாம் என் முதல் பாடத்தையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில். பாஸ் என்றதும் நன்றி, உடனே வெளியே. டாக்டர் சரி சரி என்று தலையாட்டினார். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. அவருக்குப் பின்னால் போன இரண்டு பேர் முடித்து வந்துவிட்டார்கள். மறுபடியும் வாய் அடைத்துவிட்டது, பருத்தித்துறை அம்மாவின் கதி அவ்வளவுதான் என்றே முடிவு செய்துவிட்டேன்.

கடைசியில் வந்தார். பாஸ். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். கார் கதவைச் சாத்திய பிறகுதான், ஏன் இவ்வளவு நேரம், அந்தக் கேள்வி வந்ததா என்று கேட்டேன்.

வரவே இல்லையாம். வேறு கேள்விகளிலேயே தேவையான மார்க் வந்துவிட்டது, அதிகாரி வாழ்த்துச் சொல்லி ஃபைலை மூடிவிட்டார். இவர் எழுந்திருக்கவில்லை. போன தடவை பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார். அவசியமில்லை, நீங்கள் ஏற்கெனவே பாஸ் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார் இவர். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார, அடிமைமுறை என்று தொடங்கி, பிரான்ஸ், டெக்சாஸ், மெக்சிகோ, அழிந்த கோடு என்று முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். முடிந்ததும் அதிகாரியே வாசல் வரை வந்து கதவைத் திறந்துவிட்டாராம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கத்திவிட்டேன். கையில் வந்த பாஸை வைத்துக்கொண்டு ஒரு அரசாங்க அதிகாரியிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா, அந்த ஆள் மனதை மாற்றிக்கொண்டிருந்தால் அம்மாவின் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

டாக்டர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"அம்மாவுக்காகத்தான் அக்கா சொன்னனான். அவவை இங்க கூப்பிட முதல், இந்த நாட்டில வாய் திறந்து கதைக்கலாமோ எண்டு நான் பாத்திருக்க வேணுமெல்லோ."