வலது பக்கம் விழுந்த பூ

இன்று காலை வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் வந்தேன். சங்கராபுரத்துக்கு முன்னால் இடஒதுக்கீடு கேட்டு மறியல். வண்டி நின்றுவிட்டது.

பக்கத்து சீட்டில் மலைக்காரப் பெண் ஒருவர், மகளோடு. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சான்றிதழைக் காட்டிச் சேர இன்று மதியம் ஒரு மணிதான் கடைசி.

"நேற்றே வந்திருக்கலாமே?" என்றேன்.

"மூணு நாளா கோயில்ல பூ கேட்டுக்கினு இருந்தேங்க. சாமி தலையில வெச்ச பூ இன்னிக்குத்தான் வலது பக்கம் வுழுந்துச்சு. உத்தரவு இல்லாம எப்பிடி மலைய வுட்டு எறங்கறது?"

எப்போது வழி விடுவார்கள் என்று அந்த அம்மா கண்டக்டரிடம் கேட்டார்.

"எனக்கின்னா தெரியும்? சாமியக் கேளும்மா."

"கேட்டுட்டுத்தாங்க வந்தேன்."

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு மணிக்கு வழி விட்டார்கள். மகள் கல்லூரிக்குப் போன் செய்தாள். இடம் வேறொருவருக்குப் போய்விட்டதாம்.

அம்மா முந்தானையில் முடிந்திருந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி முடிந்துகொண்டார்.

"இனி என்ன செய்வீங்க?"

"சாமியத்தான் கேக்கணும். வேற யாரக் கேக்கறது, நீங்களே சொல்லுங்க."

முப்பது வருடமாக இந்தப் பக்கம் செய்தி எழுதுகிறேன். எனக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.